ஒன்று என்று எழுதியவர்

செய்தி வந்தபோது காலை மணி ஒன்பது நாற்பது. ஹான் அம்மையாரின் அலுவலக மாடியில், ஆமைகளைப் பற்றிய படிவத்தை மேசை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஆறாவது நாற்காலி மார்செலுடையது. எந்தக் கூட்டத்துக்கும் கால் மணி முன்னதாகவே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிடுகிற மனிதர் அன்று வரவில்லை. என் கைபேசியில் அவர் மனைவி ரோசாலி அழைத்தார்.

"தம்பி, அவரு வரமாட்டாரு."

"என்னம்மா இது, சின்னப் புள்ளை மாதிரி? ஒரு நம்பருக்காக இப்படியா கோவிச்சுக்கறது? போனை அவர்கிட்ட குடுங்க."

"குடுக்க முடியாது தம்பி."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. "நான் பேசிக்கறேன், குடுங்கம்மா" என்று இரண்டாம் முறையும் சொன்னேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள், மார்செல் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் புன்னகை செய்தார்கள். நானும் செய்தேன்.

"காலையில கூட்டத்துக்குத்தான் கிளம்பினாரு. சட்டை பொத்தான் போட்டுக்கிட்டே கட்டில்ல உக்காந்தாரு. அப்புறம் எந்திரிக்கல" என்றார் ரோசாலி.

மார்செலை இந்தச் சைகோன் நகரத்தில் பலருக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் புத்த கோயில் குளக்கரையில் நீளக் கழியில் கட்டிய வலையோடு நிற்கிற கறுத்த கிழவன் என்றால் அடையாளம் சொல்லிவிடுவார்கள். அந்த நாட்களில் மக்கள் சந்தையில் பறவை, மீன், ஆமை வாங்கி வந்து கோயிலில் விடுதலை செய்வார்கள். ஓர் உயிரை விட்டால் அவ்வளவு புண்ணியம். ஆமை என்றால் தண்ணீர் என்பது எல்லோருடைய எண்ணம். காட்டில் இலைச் சருகுக்குள் வாழ்கிற, நீந்தத் தெரியாத மலை மஞ்சள் ஆமையையும் குளத்தில் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது கல்லைப் போல அடிக்குப் போகும். மார்செல் வலையைப் போட்டு எடுப்பார்.

நான் அவரைப் பல வருஷமாகச் சரக்குக் கிடங்கில் பார்த்திருந்தும், பேசிப் பழகியது அந்தக் குளக்கரையில்தான். ஒரு பௌர்ணமி காலை. தலைக்குத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் அவருடைய கழியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பேச்சு வியட்நாமிய மொழியில் நடந்தது. ஏறக்குறைய இப்படி:

"என் ஆமைய எதுக்குய்யா எடுக்கற?"

"உங்க ஆமை தண்ணி குடிச்சுச் சாகுதும்மா."

"ஆமை தண்ணியில சாகுமா? உனக்குப் பைத்தியமா?"

"மீனைக் கொண்டுபோய் மரத்துல உக்கார வச்சா என்ன ஆகும்? அதேதான்."

"அப்ப என் புண்ணியம்?"

"அது நீங்க கைய விட்டப்பவே சேந்துருச்சு. நான் எடுக்கறது வெறும் ஆமை."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு, "சரி, இதை வேற எங்கதான் விடணும்? நீயே சொல்லு" என்று கேட்டார். மார்செல் வலையில் தொங்கிய ஆமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த அம்மாள் போன பிறகு என்னிடம் தமிழில், "எங்க விடறதுன்னு கேட்டுட்டுப் போவுது பாருங்க சார். என்கிட்ட பதிலு இல்லையே!" என்றார். ஆமையை நிமிர்த்தித் தலையைக் கீழாகப் பிடித்து, அது குடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டார். அந்த வேலையில் அவருக்கு அவசரமே கிடையாது. "இதுக்கு எல்லாமே லேட்டுத்தான். சாவுறதும் லேட்டு, பொழைக்கிறதும் லேட்டு."

அவர் காரைக்கால் குடும்பம். தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே குமாஸ்தாவாக வந்தவர். எழுபத்தைந்தில் சைகோன் விழுந்தபோது கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பிரான்சுக்குப் போனார்கள். மார்செல் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். ஹான் அம்மையாரிடம், காகிதம் ஒன்று கிடைக்கவில்லை என்றார். ரோசாலியைக் கட்டிக்கொள்ளத்தான் தங்கினேன் என்று ரோசாலியின் முன்னால் சொல்வார். "ச்சோய் ஓய், கடவுளே! என்னைப் பாத்ததே எழுவத்தெட்டுல" என்பார் அந்த அம்மாள். என்னிடம் சொன்ன காரணம்: "எல்லாரும் போயிட்டா தராசை யாரு பாத்துக்கறது?"

தராசு என்றால் உண்மையாகவே தராசு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் எடை எழுதியவர் அவர். பெட்டி ஏறும், முள் நிற்கும், எழுதுவார், முத்திரை குத்துவார். ஓய்வு பெற்ற பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. பப்பாளியை உள்ளங்கையில் வைத்து லேசாக ஒரு துள்ளல் கொடுத்து, "ஒண்ணு நானூறு" என்பார். கடைக்காரி தராசில் போட்டால் ஆயிரத்து நானூற்றுப் பத்துக் கிராம் இருக்கும். "அந்தப் பத்து காம்பு" என்பார். தேவாலயத்தில் ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையைக் கையில் வாங்கி எடை சொன்னதற்காக ரோசாலி அவரிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்ததாகக் கேள்வி.

அந்தப் பெட்டிகளில் சில உயிருள்ளவை. மேலே கடல் உணவு என்று எழுதியிருக்கும், உள்ளே கீறுகிற சத்தம் கேட்கும். காகிதம் சரியாக இருந்தது, அவரும் அனுப்பினார். ஆனால் தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் ஒரு பெட்டியின் பலகை விலகியது. உள்ளே இருந்தவற்றை அவர் எண்ணிப் பார்த்தார். அன்று முதல் அப்படிப்பட்ட பெட்டி வரும்போதெல்லாம், வேறு யாரும் கேட்காமலேயே, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எடைக்குப் பக்கத்தில் உருப்படியையும் குறித்துவைத்தார்.

ஆமைகளைக் காக்கச் சேர்ந்த எங்கள் சிறு குழுவுக்குள் அவரை இழுத்தது அந்த நோட்டுதான். நாங்கள் ஆறு பேரும் வேறு வேறு வேலை பார்க்கிறவர்கள். ஹான் அம்மையார் கால்நடை மருத்துவர். நான் விலங்கியல் படித்துவிட்டு விமானச் சரக்குப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன். மலை மஞ்சள் ஆமை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் அலைந்தோம். பிடிபட்ட சரக்குப் பட்டியல்களில் எல்லாம் கிலோதான் இருந்தது. முந்நூறு கிலோ ஆமை, எழுநூறு கிலோ ஆமை. தலை எண்ணிக்கையை எழுதிவைத்தவர் கிடையாது. வருஷா வருஷம் கிலோ அதிகமாகக் குறையவும் இல்லை. அதனால் ஆமைகள் அப்படியே இருக்கின்றனவோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மார்செல் நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "விலங்கியல் சார், இதைப் பாருங்க. தொண்ணூத்தி மூணு, இருவது கிலோ பெட்டி, ஒம்போது உருப்படி. ரெண்டாயிரத்தி ஒண்ணு, அதே இருவது கிலோ, பதினேழு. ரெண்டாயிரத்தி ஆறு, இருவது கிலோ, முப்பத்தியொண்ணு."

"அப்படின்னா எண்ணிக்கை கூடியிருக்கு?" என்று கேட்டவன் நான். பட்டதாரி.

"பெருசெல்லாம் தீந்துபோச்சு சார். கடைசியில குஞ்சை அள்ளிப் போட்டு எடையை ரொப்பியிருக்கானுவ. வோலா, அவ்வளவுதான்."

அவர் நோட்டை மூடி, அட்டையில் ஒட்டியிருந்த பசைத் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "நான்தான் முத்திரை குத்தினேன்" என்றார். வியட்நாமிய மொழியில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் புரியும்படி தமிழில் சொன்னார்.

குளத்திலிருந்து எடுத்தவை, சந்தையில் பிடிபட்டவை, யாரோ வீட்டில் வளர்த்து வாசலில் விட்டுப் போனவை என்று நகரத்துக்கு வடமேற்கே ஒரு தோட்டத்தில் ஐம்பத்து நான்கு ஆமைகள் சேர்ந்தன. தினமும் மதியம் மார்செல் பழைய ஹோண்டாவில் போவார். சந்தை கலைகிற நேரத்தில் வாடிய வள்ளைக்கீரை, அடிபட்ட வாழைப்பழம், காளான் எல்லாம் வாங்கி மூட்டையாகக் கட்டியிருப்பார். காளானை மட்டும் கடைசியில் போடுவார். "காளானை மொதல்ல காட்டினா கீரையைத் தொடாதுங்க. நம்ம வூட்டுப் புள்ளைங்க மாதிரிதான்." அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

எங்களுக்கு உதவுகிற வெளிநாட்டு அமைப்பு இந்த வருஷம் ஒரு படிவம் அனுப்பியது. அதில் மூன்று கட்டங்கள். காட்டில் இப்போது எத்தனை ஆமை இருக்கிறது. பத்து வருஷத்தில் உங்கள் இலக்கு எத்தனை. இலக்கை எட்டியதை எப்படி அறிவீர்கள். முதல் கட்டத்தில், தெரியாது என்று எழுதினோம். அதை எழுதவே இரண்டு கூட்டம் ஆனது. அடுத்த பத்து வருஷம் தோட்டத்து ஆமைகளை எப்போது விடுவது, எந்தக் காட்டில் விடுவது, காவலுக்கு ஆள் உண்டா என்பதெல்லாம் இரண்டாவது கட்டத்தைப் பொறுத்தது. பெரிய எண் போட்டால் மளமளவென்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காடு தயாரா என்று பார்க்க அவகாசம் இருக்காது.

நான் மூன்று இரவு கணக்குப் போட்டேன். பெண் ஆமை இருபத்தொன்பது, ஒரு முறைக்கு இத்தனை முட்டை, அதில் பொரிப்பது இவ்வளவு, வளர்ந்து முட்டையிடுகிற வயதுக்கு வர ஏழெட்டு வருஷம். முந்நூறு என்று வந்தது. நல்ல எண்ணாகவே எனக்குப் பட்டது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, அதைச் சொல்வதற்காகத் தோட்டத்துக்குப் போனேன்.

மார்செல் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, வரிசையில் கடைசி ஆமையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். ஓட்டின் விளிம்பில் சின்னச் சின்னத் தகடுகள் உண்டு. இடப்பக்கத் தகடு பத்துக்கு, வலப்பக்கத் தகடு ஒன்றுக்கு. இடப்பக்கம் மூன்றாம் தகட்டில் ஒரு வெட்டு, வலப்பக்கம் இரண்டாம் தகட்டில் ஒரு வெட்டு என்றால் அந்த ஆமை முப்பத்திரண்டு. வலியில்லாத வேலைதான், நகம் வெட்டுவது போல. இடப்பக்கத்தை முடித்து, தூளை வாயால் ஊதிவிட்டு ஆமையைத் திருப்பினார்.

"முந்நூறு" என்றேன்.

அரம் நின்றது. "முந்நூறுன்னு எழுதினா என்னா சார் செய்வீங்க?"

"முந்நூறு ஆமையைக் காட்டுல விடுவோம்."

"வுட்டுட்டு?"

"வுட்டுட்டு என்ன? இலக்கு முடிஞ்சுது."

"அதான் எனக்கு வெளங்கல. இருவத்தெட்டு வருசம் நான் அந்த வேலைதான் சார் பாத்தேன். இத்தனை அனுப்பினேன், இத்தனை அனுப்பினேன்னு. போய்ச் சேந்துச்சான்னு ஒருத்தனும் எழுதினதில்ல. நீங்களும் அனுப்பினதையே எண்ணுறீங்க."

"சரி, நீங்களே சொல்லுங்க. என்ன எழுதலாம்?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுன்னு எழுதுங்க. பத்து வருசத்துல ஒண்ணு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பத்து நான்கை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு ஆசைப்படுவதா? படிவத்தைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், உதவியை நிறுத்திவிடுவார்கள், இந்தத் தோட்டமே மூடிப்போகும் என்றெல்லாம் கத்தினேன். உங்கள் குற்ற உணர்ச்சிக்கு நாங்கள் ஏன் பலியாக வேண்டும் என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. மார்செல் ஆமையைத் தரையில் இறக்கிவிட்டார். அரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். வெகுநேரம் கழுவினார்.

"வெள்ளிக்கிழமை வாங்க சார், ஆற அமரப் பேசுவம்" என்றார், திரும்பாமலே.

"கூட்டம் வியாழக்கிழமை."

"அப்ப வியாழக்கிழமை."

அடக்கத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை ரோசாலிக்குத் தெரியாது. குளத்தருகே அவர் கழியைப் பிடித்து இழுத்த அம்மாளைப் போல ஒருவரைப் பார்த்தேன். அவர்தானா என்று நிச்சயம் இல்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனபோது ரோசாலி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, மடித்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார்.

"அன்னிக்கி இதைத்தான் பையில வச்சிருந்தாரு. என்னா சண்டை தம்பி உங்களுக்குள்ள?"

"சண்டை இல்லைம்மா."

"ரெண்டு நாளா சோறு சரியா எறங்கல. நான் சரியா சொல்லல, சரியா சொல்லலன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாரு. உங்ககிட்டதான் சொல்லலையோன்னு நெனச்சேன்."

படிவத்தின் நகல் அது. இரண்டாவது கட்டத்தில், எடைச் சீட்டில் எழுதுகிற அதே தடித்த கையெழுத்தில், 1. மூன்றாவது கட்டத்தில் முதலில் பிரெஞ்சில் ஏதோ எழுதி அடித்திருந்தார். அதற்குக் கீழே வியட்நாமிய மொழியில் எழுதி அதையும் அடித்திருந்தார். ஓரத்தில் தமிழில், எழுத்துக் கூட்டி எழுதியதுபோல, நான்கு வரி: "நாம விடுற எல்லாத்துலயும் நம்ம வெட்டு இருக்கும். வெட்டு இல்லாத குஞ்சு ஒண்ணு காட்டுல கண்டா, அது அங்கயே பொறந்தது. அப்ப மத்ததும் உசுரோட இருக்கு. அந்த ஒண்ணு போதும்."

காப்பி ஆறும்வரை அதைப் படித்தேன். விலங்கியல் தாளில் நான் வாங்கிய மதிப்பெண் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றும், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்றும் இப்போதும் தெளிவில்லை. பத்து வருஷம் தேடி அந்த ஒன்று கண்ணில் படாவிட்டால்? இல்லாததற்கும் காணாததற்கும் என்ன வித்தியாசம் எழுதுவது? அவரிடம் கேட்டிருந்தால், "கண்ணுல படுற வரைக்கும் போவணும் சார்" என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். அதுவும் என் ஊகம்தான்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டம் நடந்தது. மின்விசிறிக்குக் கீழே ஒருவரும் உட்காரவில்லை. ஹான் அம்மையார் பேனாவை என்னிடம் நீட்டி, "உங்கள் முந்நூறா?" என்றார். நான் 1 என்று எழுதினேன். விளக்கம் சொல்லச் சொன்னார்கள். பாதி சொன்னேன், மீதிக்கு மார்செலின் காகிதத்தை எடுத்து நீட்டினேன். ஹான் அம்மையார் காகிதத்தை வாங்கி, ஓரத்திலிருந்த தமிழை என்னை வரி வரியாக மொழிபெயர்க்கச் செய்து, மூன்றாவது கட்டத்தில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். இரண்டாவது கட்டத்தில் பூஜ்யங்கள் விடுபட்டுவிட்டனவா, தயவுசெய்து சரிபார்க்கவும் என்று கேட்டிருந்தார்கள். விடுபடவில்லை என்று பதில் அனுப்பினோம். ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை. நேற்று மதியம் வந்தது. மூன்றாவது கட்டத்தை இப்போதுதான் படித்தோம், மேற்கொண்டு செய்யலாம், ஆனால் விடப்படும் ஒவ்வோர் ஆமையின் அடையாளமும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்று.

அதைச் சரிபார்க்க இன்று தோட்டத்துக்குப் போயிருந்தேன். மார்செலின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வெட்டுகளைப் படித்தேன். முதல் மழைக்கு விடுவதாக ஏற்பாடு. ஐம்பத்து மூன்று சரியாக இருக்கின்றன. பட்டியலில் ஐம்பத்து நான்கு என்று எழுதப்பட்ட, அன்று அவர் பாதியில் இறக்கிவிட்ட ஆமையின் இடப்பக்கம் ஐந்தாம் தகட்டில் மட்டும் வெட்டு விழுந்திருக்கிறது; வலப்பக்கம் நான்காம் தகடு வழவழவென்று முழுசாக இருக்கிறது. இன்றைய தேதிக்குத் தோட்டத்தில் ஐம்பதாம் எண் ஆமை இரண்டு.